தானே விளாவும் குழாய்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர், மல்லசமுத்திரம்

கொதித்த நீரில் பச்சைத் தண்ணீர் சேர்த்து, உடல் தாங்கும் பதத்திற்குக் கொண்டுவருவதை விளாவுதல் என்கிறோம். எங்கள் மல்லசமுத்திரம் பக்கத்துப் பேச்சில் அது ‘வெளாவறது’. விளாவுபவர் கையில் வெப்பமானி இல்லை. புறங்கையை நீரில் விட்டுப் பார்க்கிறார். சூடு மிகுந்தால் ஒரு சொம்பு தண்ணீர், குறைந்தால் ஒரு சொம்பு வெந்நீர், அவ்வளவே. அளந்து பார்த்தல், வேண்டிய அளவோடு ஒப்பிடுதல், திருத்துதல் என்ற மூன்று வேலைகளும் அந்த ஒரு நொடியில் நடந்துவிடுகின்றன. இம்மூன்றையும் கையின்றி, மின்சாரமும் இன்றி, குளியலறைச் சுவரில் பதித்த ஒரு பித்தளைக் கருவி செய்கிறது. அதன் பெயர் தெர்மோஸ்டாட்டிக் ஷவர் வால்வு. வெப்பநிலைப்படுத்தும் கலவை வால்வு என்று தமிழாக்கலாம். நான் விளாவும் வால்வு என்றே எழுதப் போகிறேன். சொல் நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் கடன் கேட்பானேன்?

புதிதாகக் கட்டப்படும் வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் இந்த வால்வை இப்போது ஆங்காங்கே காணலாம். வாங்கிப் பொருத்துவோர் கூடிவருகின்றனர், பேணுவோர்தாம் குறைவு. குழாய் வேலை செய்யும் என் சித்தப்பாவுக்கு உதவியாக விடுமுறை நாள்களில் நான் செல்வதுண்டு. வால்வு கோளாறு என்று எங்களை அழைக்கும் வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏனுங்க, இதக் கழட்டி எறிஞ்சுட்டு சாதாப் பைப்பே மாட்டிருங்க.” சித்தப்பாவின் மறுமொழியும் மாறுவதில்லை: “பொறுங்க, உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றனுங்க.” உள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் கெடுகிறது, வீட்டிலேயே அதை எப்படிச் சீர் செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எதற்காக இந்த வால்வு?

சாதாரண இரட்டைக் குழாயிலும் வெந்நீரும் தண்ணீரும் கலக்கத்தானே செய்கின்றன, இதற்குத் தனிக் கருவி வேண்டுமா என்று வினவலாம். நாம் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் ஒருவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கிறார். தண்ணீர்ப் பக்கத்து அழுத்தம் குறைகிறது. ஷவரில் வெந்நீரின் பங்கு சட்டென்று கூடுகிறது. பெரியவர் துள்ளி விலகிக்கொள்வார். முதியவர்களும், சோப்பு நுரையில் கண் மூடி நிற்கும் குழந்தையும் என்ன செய்வார்கள்?

சூட்டைப் பற்றி நாம் பொதுவாகக் குறைவாகவே மதிப்பிடுகிறோம். மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-ஆம் ஆண்டில் தோல் வெந்து போவதைப் பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டனர். 44 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தோல் கெடுவதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது. 60 பாகையிலோ 5 விநாடியே போதும். இடையில் இருப்பது 16 பாகைதான். ஆனால் காலம் நாலாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இவை வளர்ந்தவர்களின் தோலுக்கான அளவுகள். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது.

அப்படியானால் கீசரையே 42 பாகையில் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் இடர் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களிடையே ஒருவகை நுரையீரல் நோய் பரவிப் பலர் இறந்தனர். அதற்குக் காரணமான நுண்ணுயிருக்கு அச்சங்கத்தின் பெயரை ஒட்டி லெஜியோனெல்லா என்று பெயரிட்டனர். இது தேங்கிய வெதுவெதுப்பான நீரில், குறிப்பாக 20 முதல் 45 பாகை வரை, செழித்துப் பெருகுவது. 60 பாகையில் அதனால் நெடுநேரம் உயிர் தரிக்க இயலாது. ஆகவே சேமிக்கும் நீர் 60 பாகையில் இருக்க வேண்டும். உடலில் படும் நீர் 38 பாகை அளவில் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் காவலாளிதான் விளாவும் வால்வு. மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்திருப்போருக்கு இது இன்னும் தேவை. கீசருக்குத் திருகு உண்டு; சூரியனுக்கு ஏது திருகு? சித்திரை வெயிலில் அந்தக் கலனின் நீர் 70 பாகையையும் தாண்டக் கூடியது.

மெழுகு செய்யும் வேலை

வால்வின் உயிர் அதன் நடுவில் உள்ள கார்ட்ரிட்ஜ் என்னும் உருளை. அதற்குள் சிறு செம்புக் குப்பி ஒன்று இருக்கிறது. குப்பியில் இருப்பது மெழுகு. விரைவாகச் சூடு பரவுவதற்காக அதில் செம்புத் தூளும் கலந்திருக்கும். திண்ம நிலையிலிருந்து உருகும்போது மெழுகின் கன அளவு பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. நீரைத் தவிரப் பெரும்பாலான பொருள்கள் உருகும்போது விரிவடைகின்றன என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பாடம் இங்கே கூலி வேலை செய்கிறது. விரியும் மெழுகு ஒரு ரப்பர்ச் சவ்வை அழுத்த, சவ்வு ஒரு சிறு தண்டை வெளியே தள்ள, தண்டு ஒரு வளையத்தை நகர்த்துகிறது. வளையம் ஒரு பக்கம் நகர்ந்தால் வெந்நீர் வழி குறுகித் தண்ணீர் வழி அகலும். நீர் குளிர்ந்தால் மெழுகு சுருங்கும். எதிரே உள்ள வில்சுருள் வளையத்தைத் திரும்பத் தள்ளும். குப்பி இருப்பது கலந்த நீரோட்டத்தின் நடுவில். விளாவுபவரின் புறங்கை இருக்கும் அதே இடம்!

இந்த மெழுகுக் குப்பியை 1930-களில் உருவாக்கியவர் செர்கியஸ் வெர்னே. அவர் அதைக் குளியலறைக்காகச் செய்யவில்லை. மோட்டார் வண்டி எஞ்சினுக்காகச் செய்தார். நாமக்கல் மாவட்டத்தாருக்கு இதைச் சொன்னால் விளக்கமே வேண்டியதில்லை. லாரிக்குக் கூடு கட்டும் தொழிலும், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் போர்வெல் வண்டித் தொழிலும் சூழ்ந்த பகுதி இது. எஞ்சினின் தலைப்பில், ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய்க்கு அடியில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்காத மெக்கானிக் இங்கே இல்லை. எஞ்சின் சூடேறும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் அது அடைத்து வைத்திருக்கும். 80 பாகை அளவில் திறக்கும். ஷவர் வால்வில் இருப்பதும் அந்த இனம்தான், மெழுகின் கலவை மட்டும் வேறு. இங்கே 20 பாகையிலிருந்து 50 பாகைக்குள்ளேயே அது நகர்ந்தாக வேண்டும்.

எஞ்சின் சூடேறிவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ‘நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?’ என்பார்கள். நல்ல மெக்கானிக் அப்படிச் செய்வதில்லை. கழற்றி ஒரு போசியில் நீர் ஊற்றி, அதில் போட்டுக் காய்ச்சுவார். எந்தச் சூட்டில் வாய் திறக்கிறது என்று பார்ப்பார். திறந்தால் அது நல்லது, குற்றம் வேறிடத்தில்; திறக்காவிட்டால் மாற்றுவார். ஷவர் வால்வுக்கும் இந்த முறையே பொருந்தும் என்பது என் துணிபு. எறிவதற்கு முன் சோதிக்க வேண்டும்.

எங்கள் தண்ணீர்

குளிர் நாடுகளில் வடிவமைக்கப்பட்ட இக்கருவிக்கு எங்கள் பகுதியில் பெரும்பகை வெயில் அன்று, தண்ணீர். சங்ககிரியில் சுண்ணாம்புக்கல், சேலத்தில் மாக்னசைட். முன்னது கால்சியம், பின்னது மக்னீசியம். கடினப் பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் நின்று, கண்டதையெல்லாம் கரைத்துக்கொண்ட நீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகள் வெளியே எடுக்கின்றன. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று என்கிறது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு இதை அளக்கிறோம். எங்கள் வீட்டில் பியூரெட்டைத் தொட்ட முதல் ஆள் நான்தான். ஆனாலும் எங்கள் அமுச்சிக்கு அது தேவைப்பட்டதில்லை. “பருப்பு வேகலயின்னா அது உப்புத் தண்ணி கண்ணு” என்று அடுப்படியிலேயே முடிவு சொல்லிவிடுவார். அவர் சொல்வது வேதியியல்படியும் சரிதான்.

இந்த நீரைச் சூடாக்கும்போது என்ன நடக்கிறது? கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகவும் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. கார்பனேட்டு வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடும். சர்க்கரையும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு மட்டும் நேர்மாறு. ஆகவே வால்வில் வெந்நீர்ப் பக்கமே முதலில் கெடும்.

படிவு மூன்று இடங்களில் தீங்கு செய்கிறது. நுழைவாயிலில் உள்ள கம்பிவலை வடிகட்டியை அடைப்பது முதலாவது. இதனால் நீர்வரத்து குறையும், வேறு ஆபத்து இல்லை. செம்புக் குப்பியின் மேல் தோலாகப் படர்வது இரண்டாவது. சூடு உள்ளே செல்லத் தாமதமாவதால் வால்வு மந்தமாகிறது. முதலில் சுடும், பிறகு குளிரும், பிறகு சுடும். ஊஞ்சல் ஆடுவது போலத் தடுமாறும். மூன்றாவதுதான் அஞ்சத்தக்கது. நகர வேண்டிய வளையம் படிவில் சிக்கி நின்றுவிடுகிறது. மெழுகு விரிந்து தள்ளினாலும் வெந்நீர் வழி அடைபடுவதில்லை. வெளியே பளபளக்கும் கைப்பிடி 38 என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காவலாளி கட்டுண்டு கிடப்பான்.

குற்றம் வால்விலா, வெளியிலா?

வால்வைத் திறப்பதற்கு முன் வெளியே தேடுவதுதான் முறை. எங்கள் அனுபவத்தில் பாதி வீடுகளில் வால்வு குற்றமற்றதாகவே இருந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் ‘எவ்வளவு திருகினாலும் சூடாகவே வருகிறது’ என்ற முறையீடு வரும். கீசரை அணைத்துவிட்டு, வேறொரு குழாயில் வெறும் தண்ணீரைத் திறந்து வெப்பமானியை வைத்துப் பாருங்கள். மாடியில் வெயிலில் நிற்கும் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியின் நீர் பிற்பகலில் 40 பாகையைத் தொட்டிருக்கலாம். வால்வு வெந்நீரை முழுவதும் அடைத்த பிறகும் 40 பாகையே வரும். விளாவும் வால்வுக்குக் கலக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தொட்டிக்குக் கூரை போடுவதே இதற்கு மருந்து.

‘ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடுகிறது’ என்பது அடுத்த முறையீடு. இதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். கீசரில் 60 பாகையில் 15 லிட்டர் இருக்கிறது. தண்ணீர் 25 பாகை. வேண்டுவது 38 பாகை. தண்ணீர் ஏற வேண்டியது 13 பாகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 35 பாகை. 13-ஐ 35-ஆல் வகுத்தால் 0.37. கலந்த நீரில் 37 விழுக்காடு வெந்நீர். ஆக 15 லிட்டரைக் கொண்டு 40 லிட்டர் விளாவலாம். நிமிடத்திற்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் இது 5 நிமிடம். கீசரில் புதிதாக நுழையும் தண்ணீரும் கலப்பதால் உண்மையில் இன்னும் குறையும். சாதாரணக் குழாயில் நீர் மெல்ல மெல்ல ஆறும்; நாம் உணர்ந்து முடித்துக்கொள்வோம். விளாவும் வால்வோ கடைசிச் சொட்டு வரை வெந்நீரின் பங்கைக் கூட்டிக் கூட்டி 38 பாகையைக் காத்துவிட்டு, பிறகு திடீரென்று கைவிரிக்கும். அதனால் பழி அதன்மேல் விழுகிறது. பெரிய கீசர் வாங்குவதா, குளியலைச் சுருக்குவதா என்பது அவரவர் பை கனத்தைப் பொறுத்தது. 3 லிட்டர் உடனடிக் கீசருடன் இந்த வால்வைச் சேர்ப்பது வீண் செலவு. 3 கிலோவாட் மின்சாரம் நிமிடத்திற்கு 3 லிட்டர் நீரை 14 பாகைதான் உயர்த்தும். விளாவுவதற்கு அங்கே மிச்சமே இல்லை.

‘நீர் நூலாக வருகிறது’ என்றால் தொட்டியின் உயரத்தை அளக்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் தருவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார். பல வால்வுகள் அரை பார் முதல் 1 பார் வரை கேட்பவை; பெட்டியில் உள்ள தாளில் அது அச்சாகியிருக்கும். அழுத்தப் பம்ப் வைப்பதானால் கீசருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பிரிவதற்கு முன்னால், பொதுக் குழாயில் வைக்க வேண்டும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்றும் அதன் தகட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பக்கம் மட்டும் பம்ப் வைத்துவிட்டால், வலியது மெலியதற்குள் புகப் பார்க்கும். அதைத் தடுக்கவே வால்வின் இரு நுழைவாயில்களிலும் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று படிவால் மூடாமல் நின்றால், தண்ணீர் கலவை அறை வழியே வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். சமையலறையில் வெந்நீர் திறந்தால் வெதுவெதுப்பு! மாடியில் சூரியக் கலனின் காற்றுக் குழாயில் காரணமின்றி நீர் வழிவதும் இதன் அறிகுறியாகலாம்.

கீசர் உள்ள வீட்டில் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குள் தண்ணீர் செல்லும் வால்வை மூடுங்கள். பிறகு வேறொரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் குறுக்கு வழியில் வருகிறது என்று பொருள்.

புது வீட்டில் முதல் நாளே வால்வு ஒத்துழைக்காவிட்டால், குழாய்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வால்வை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வெந்நீர், வலக்கைப் பக்கம் தண்ணீர் என்பது வழக்கம். மாறிவிட்டால் மெழுகு தள்ளத் தள்ள வெந்நீர் கூடும். எவ்வளவு தேய்த்தாலும் அதற்குத் தீர்வில்லை.

கழற்றித் துடைத்தல்

வெளியே எதுவும் அகப்படாவிட்டால் வால்வைத் திறக்கலாம். கீசரின் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரக்கையோடு தொட வேண்டாம். வெந்நீர், தண்ணீர் இரண்டின் அடைப்பு வால்வுகளையும் மூடி, ஷவரைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தரையில் நீர் வெளியேறும் துளையை ஒரு பழந்துணியால் அடையுங்கள். இதைச் சிறு செய்தி என்று எண்ண வேண்டாம். கைதவறி விழும் ஒரு சிறு திருகாணிக்காகச் சாக்கடையைக் கிளறுவது மிகுந்த தொல்லை.

வெப்பக் கைப்பிடியின் மூடியை மெல்ல நெம்பினால் உள்ளே திருகாணி தெரியும். சிலவற்றில் அடிப்பக்கம் எல்-கீ போடும் துளை இருக்கும். கைப்பிடியை எடுக்குமுன் 38 என்ற குறி எங்கே நிற்கிறதென்று பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள பித்தளை நட்டை, தாடைக்குத் துணி சுற்றிய ஸ்பேனரால் தளர்த்தினால் கார்ட்ரிட்ஜ் வெளிவரும். வர மறுத்தால் முறுக்க வேண்டாம். படிவு பிடித்திருக்கிறது, வினிகர் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துப் பிறகு ஆட்டிப் பாருங்கள்.

வடிகட்டிகளையும் கார்ட்ரிட்ஜையும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெள்ளை வினிகரில் ஊற வையுங்கள். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் கார்பனேட்டோடு வினைபுரிந்து, நீரில் கரையும் கால்சியம் அசெட்டேட்டாக்கிவிடுகிறது. எழும்பும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு. குமிழி நின்றால் வினையும் முடிந்தது. ஒரு மணி நேரம் போதும். மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெறும் நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம், கொதிக்க வைக்காமல். பிறகு பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கத்தி, கம்பி கொண்டு சுரண்டுவது கூடாது. கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் படிவைத் தின்ற கையோடு குரோம் பூச்சையும் பித்தளையையும் தின்னத் தொடங்கும். மூடிய குளியலறையில் அதன் புகை நுரையீரலுக்கும் கேடு.

இப்போது லாரி மெக்கானிக்கின் போசி சோதனையைச் செய்யலாம். கார்ட்ரிட்ஜை முதலில் குளிர்ந்த நீரிலும், பின் 45 பாகை வெந்நீரிலும் மாற்றி மாற்றி வைத்தால், நகரும் பகுதி இடம் பெயர்வது பல வகைகளில் கண்ணுக்கே தெரியும். எஞ்சின் தெர்மோஸ்டாட்டைப் போல இதைக் கொதிநீரில் போடக் கூடாது. அளவுக்கு மீறி விரிந்தால் ரப்பர்ச் சவ்வு கிழியும். சவ்வு கிழிந்து மெழுகு கசிந்துவிட்ட கார்ட்ரிட்ஜ் மீளாது, மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் மெழுகு செத்தால் வில்சுருள் வென்று வெந்நீர் வழியை அகலத் திறந்துவிடும் என்பதை நினைவில் கொள்க. புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மறை பொருந்தாது.

திரும்பப் பொருத்துகையில் ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் சிறிதளவு தடவ வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று வாஸ்லினோ, வண்டிக் கிரீஸோ, தேங்காய் எண்ணெயோ தடவுவதைக் கண்டிருக்கிறேன். குழாய்களில் பயன்படும் ரப்பர் வகைகள் பல எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். அடுத்த முறை கார்ட்ரிட்ஜ் வெளியே வராது.

காவலைச் சோதித்தல்

பொருத்தியவுடன் அளவை ஒத்துப்பார்க்க வேண்டும். கீசரை இயக்கி, நீர் நன்கு சூடேறிய பின் ஷவரை ஒரு வாளிக்குள் விட்டு வெப்பமானியைப் பிடியுங்கள். வெந்நீர், வேண்டிய கலவையைவிடக் குறைந்தது 10 பாகையாவது கூடுதலாக இருந்தால்தான் பல வால்வுகள் சரியாக வேலை செய்யும். தண்டை மெல்லத் திருப்பி, வெப்பமானி 38 காட்டும் இடத்தில் நிறுத்தி, கைப்பிடியை 38 குறி தடைக்கு நேராக வருமாறு செருகுங்கள். 38-இல் ஒரு தடை இருக்கும். சிறு பொத்தானை அமுக்கினால்தான் அதற்கு மேல் திரும்பும். சில வீடுகளில் ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று அந்தத் தடையைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கும் கைப்பிடிக்கு அந்தப் பொத்தான் ஒன்றுதான் பூட்டு. சித்தப்பா இதற்கு மட்டும் இணங்குவதில்லை. கூலியைக் குறைத்தாலும் சரி என்பார். ஒருவழி வால்வுகளை எடுத்துவிட்டால் நீர் கூடுதலாக வருமே என்பதும் அதே வகைப் பேச்சுதான்.

முடிவாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஷவர் 38 பாகையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, உடலை முழுதும் விலக்கிக்கொண்டு, நீர் வாளியில் விழுமாறு விட்டு, தண்ணீர்ப் பக்கத்து அடைப்பு வால்வைச் சட்டென்று மூடுங்கள். வெந்நீர் மட்டும் மிஞ்சுகிறது. நல்ல வால்வு ஓரிரு விநாடிகளில் அதையும் அடைத்து, ஓட்டத்தை நிறுத்திவிடும் அல்லது சொட்டாக்கிவிடும். வெந்நீர் தொடர்ந்து கொட்டினால், கைப்பிடி எத்தனை அழகாகத் திரும்பினாலும் சரி, அந்த வால்வில் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. மீண்டும் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும். விலை குறைவன்று. ஆயினும் முழு வால்வின் விலையை நோக்க அது சிறு பகுதியே.

இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும் என்று வால்வோடு வரும் தாள்கள் சில கூறுகின்றன. அவை மென்னீர் ஓடும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை போலும். எங்கள் பகுதி உப்புத் தண்ணீருக்கு ஆறு மாதம் என்பதே பொருத்தம். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று. இடையில் மாதம் ஒரு முறை கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நாலைந்து தடவை திருப்பிவிட்டால், வளையம் ஓரிடத்திலேயே நின்று படிவில் இறுகாது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். துடைத்த தேதியைச் சித்தப்பா கீசரின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவிடுகிறார். அடுத்த முறை போகும்போது எத்தனை மாதத்தில் எவ்வளவு படிவு சேர்ந்தது என்று பார்த்தால், அந்த வீட்டுத் தண்ணீருக்கு எத்தனை மாத இடைவெளி சரி என்பது தெரிந்துவிடும்.